காட்சியும் உரையும்
கல்முனைக்கு அணித்தாயுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில், தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் தமது 'யாழ் நூலை' அரங்கேற்றினார். வழக்கொழிந்த யாழினை வாய்ச்சொல்லால் மாத்திரம் விளக்குதல் அரிது. ஆதலின், அவர்தம் ஆராய்ச்சியின்படி அமைக்கப்பெற்ற யாழ்கள் அவையில் இசைக்கப்பெற்றன.

படவில்லைகளைத் திரையிலிட்டு உரையாற்றும் இக்கால மாணவர்க்கும் இதுவே நெறியாகும். சொல்லால் உணர்த்தற்கு அரியதையே திரை காட்டுதல் வேண்டும். ஒரு வில்லையில் ஒரு கருத்தே அமைக. எழுத்துக்கள் கடைசி வரிசையினர்க்கும் தெளிவாகப் புலனாகுக. திரையிலுள்ளதை அவ்வாறே வாசிப்பின், அவையோர் அதனை முன்னரே படித்து முடித்து, உரையைக் கேளாதொழிவர். படத்தைக் காட்டியதும் சிறிது பொறுத்து, அவர்கள் கண்டபின் பேசுக. பேசுங்கால் திரையை நோக்காது அவையை நோக்குக. மின்சாரம் தடைப்படினும் தளராது நடப்பதே செவ்விதின் ஆயத்தஞ் செய்த உரையாகும்.