குடற்புழுவும் உடலின் காவலும்

இந்நாட்டு இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரை வாட்டிய நோய்களுள் கொக்கிப்புழு நோயும் ஒன்று. 1915க்கும் 1917க்கும் இடையில் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் ஆய்வுக்குழு மலாயாவுக்கு வந்து அதனை ஆராய்ந்தது.

ஈரமண்ணில் வாழும் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைகிறது. குருதிவழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கிறது. அங்கே ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் நீளம் வளர்ந்து, குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சுகிறது. நாளடைவில் சோகை உண்டாகிறது. அதனால் வரும் சோர்வைச் சோம்பல் என்று பழிப்பது அறியாமையே.

உடலுக்குக் காவல் இருந்தும் இப்புழு ஆண்டுக்கணக்கில் வாழ்வது எவ்வாறு? நுண்கிருமியை வெள்ளையணு விழுங்கிச் செரித்துவிடும். புழுவோ பருமனில் அவ்வணுவினும் இலட்சக்கணக்கான மடங்கு பெரியது. எறும்பு யானையை விழுங்குமா? ஆதலின், விழுங்க இயலாததைக் குடியிருக்கவிடாமல் வெளியேற்ற உடல் முயல்கிறது.

குடலின் உட்சுவரிலுள்ள சில உயிரணுக்கள் புழுவின் வருகையை உணர்ந்து செய்தி விடுக்கின்றன. அதனை ஏற்ற வெள்ளையணுக்கள் இண்டர்லியூக்கின்-4, 5, 13 ஆகிய புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றால் சளி பெருகுகிறது. குடற்றசை வலிந்து சுருங்குகிறது. இயோசினோஃபில் அணுக்கள் திரள்கின்றன. இம்யூனோகுளோபுலின்-இ என்னும் எதிர்ப்பொருள் மிகுகிறது. தூசியால் தும்மலும் ஆஸ்துமாவும் வரும்போது செயற்படுவதும் இதே படைதான்.

எலிகளின் குடலில் வாழும் நிப்போஸ்ட்ராங்கிலஸ் என்னும் புழு, இம்முறையால் இரண்டு வாரத்திற்குள் வெளியேற்றப்படுகிறது. மனிதரிடத்துக் கொக்கிப்புழு அவ்வளவு எளிதில் தோற்பதில்லை. தான் சுரக்கும் பொருள்களால் காவலின் வேகத்தை அது தணிக்கிறது. தன் சீற்றமே குடலைப் புண்ணாக்காதபடி உடலும் அடக்கி வாசிக்கிறது. இவ்வாறு ஒருவகை உடன்பாடு ஏற்படுகிறது. அதன் விலையைக் குருதியால் செலுத்துபவர் நாமே.

அம்மை ஒருமுறை கண்டவர்க்கு அது மீண்டும் வருவது அரிது. கொக்கிப்புழுவோ மருந்தால் நீங்கினும் மீண்டும் பற்றும். மக்களுக்கான தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. எனவே, அல்பெண்டசோல் மாத்திரை குடலைத் தூய்மை செய்யலாம். மண்ணைத் தூய்மை செய்யாது. கழிப்பறையும் காலணியும் இல்லாத இடத்தில் உடலை மட்டும் போரிடச் சொல்வது முறையன்று. காவலின் ஒரு பாதி உடலுக்குள் உள்ளது. மறுபாதி சமுதாயத்தின் பொறுப்பாகும் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது.