மாற்று மூட்டில் தேயும் உலோகம்



மூட்டு மாற்றிக்கொண்ட சிலர், "உள்ளே வைத்த உலோகம் உடம்புக்குக் கெடுதலா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலோருக்கு அந்தப் பயம் வேண்டாம். முழங்கால் மூட்டில் இரு உலோகங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தகடு இருக்கிறது. இடுப்பு மூட்டிலும், இங்கிலாந்தின் டாக்டர் ஜான் சார்ன்லி 1962-இல் செய்தது போல, குண்டைத் தாங்கும் கிண்ணம் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே.

தொல்லை தந்தது வேறு வகை. பிளாஸ்டிக் தேயும் என்பதால், குண்டு, கிண்ணம் இரண்டையுமே கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் செய்தார்கள். அவற்றில் ஒன்றுதான் ஜான்சன் அண்ட் ஜான்சனைச் சேர்ந்த டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டு. அதன் கிண்ணத்துக்கு ஆழம் குறைவு. சற்றுச் சாய்வாகப் பொருந்தினாலும் குண்டு விளிம்பில் உரசும். ஒவ்வொரு அடிக்கும் கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள் உதிரும். அந்தத் துகளால் சுற்றியுள்ள தசை செத்துப்போகும், நீர் கோத்துக் கட்டி போல வீங்கும் (புற்றுநோய் அல்ல), எலும்பு கரைந்து மூட்டு ஆட்டம் காணும். இரத்தத்தில் கோபால்ட் மிகவும் ஏறிய சிலருக்கு இதயம், தைராய்டு, காது, கண் கூடப் பாதிக்கப்பட்டன. மறு அறுவைச் சிகிச்சை முதல் அறுவையைவிடக் கடினம்.

2010 ஆகஸ்டில் நிறுவனம் அந்த மூட்டை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாயிற்று. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள். மத்திய அரசு 2017-இல் அமைத்த நிபுணர் குழு அடுத்த ஆண்டு அறிக்கை தந்தபோது, இவர்களில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று 2018-இல் அரசு வகுத்தது. ஆளையே காணோம் என்றால் யாரிடம் கொடுப்பது? மூட்டு தேய்ந்ததைவிட இதுவே பெரிய குறை என்பேன். வலியே இல்லாமலும் துகள் சேரக்கூடும். தேடிப்போய்ச் சொன்னால்தான் தெரியும்.

மூட்டின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கரை அறுவை அரங்கில் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். நோயாளியிடமும் ஒரு நகல் இருக்க வேண்டும். 2010-க்கு முன் இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் வரட்டும். பிரான்சில் அறுவை செய்துகொண்டு திரும்பிய சொல்தா குடும்பத்துப் பெரியவர்கள் அங்கே தந்த அட்டையைக் கொண்டுவரலாம். எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல் கோபால்ட் அல்லது குரோமியம் இருந்தால் ஸ்கேன் செய்து தீரப் பார்க்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் வழிகாட்டல்.

ஏழைகளுக்கு இந்தப் பரிசோதனைச் செலவு பெரும் பாரம். உங்கள் காணிக்கை அதற்கும் உதவும். ஞாயிறு பூசைக்கு ஊன்றுகோலோடு வரும் பெரியவர்களிடம், எந்த வருஷம் மூட்டு மாற்றினார்கள் என்று தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.