தனி அறைக்குப் போகிறவர் எந்தப் பாட்டைக் கொண்டுபோவது?



காசநோய் என்று டாக்டர் சொன்னதும் நம் வீடுகளில் முதல் வேலையாகத் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைக்கிறோம். அது வீண் வேலை. தட்டில் இந்த நோய் ஒட்டாது. இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. அதனால்தான் நோயாளியைத் தொடக்கத்தில் தனி அறையில் வைக்கிறார்கள். மருந்து ஒழுங்காக உள்ளே போனால், பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் பரவும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். மருந்தை மட்டும் வழக்கமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்.

அந்த இரண்டு வாரம்தான் பொல்லாதது. பக்கத்து வீட்டுச் சட்டிச் சத்தம்கூடக் கேட்கும் லயத்தில் வளர்ந்தவர்கள் நாம். எனக்குத் தெரிந்த, செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் ஐந்தாம் நாளே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டார். "நோவு கூடத் தாங்கிடுவேன் தம்பி, அந்தச் செவத்தைத்தான் தாங்க முடியலே" என்றார். மருந்தும் நின்றது. அப்படிப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடக்கூடும். நல்லவேளை, அவருக்கு அப்படி ஆகவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

பிபிசி வானொலியில் 1942-ஆம் ஆண்டு ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தார்கள். ஆளில்லாத தீவுக்குப் போவதாக வைத்துக்கொண்டு, எட்டே எட்டு இசைத்தட்டுகளைப் பொறுக்க வேண்டும். அவர்களுக்கு அது விளையாட்டு. நம் அண்ணனுக்கு நிஜம்.

இரண்டாம் தடவை போகையில் பேரன் கைத்தொலைபேசியில் முந்நூறு பாட்டு ஏற்றிக் கொடுத்தான். அவர் கேட்டதோ ஏழெட்டுதான். காலையில் சீர்காழி கோவிந்தராஜன் பக்திப் பாட்டு. அது முடிந்ததும் நர்ஸ் முன்னால் மாத்திரை. மத்தியானம் டி.எம்.சௌந்தரராஜன். சாயங்காலம், தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பிடித்த உருமி மேளம். ராத்திரிக்கு, அவர் சம்சாரம் பேத்திக்குப் பாடிய தாலாட்டு. நடுவே கோழி கத்துகிறது; யாரோ "அக்கா, தண்ணி வந்திருச்சு" என்று கூப்பிடுகிறார்கள். அதைத்தான் அதிகம் போட்டாராம்.

ஆகவே, புதுப் பாட்டாகத் தேடி அலையாதீர்கள். கேட்டதும் ஒரு முகம் நினைவுக்கு வருகிற பாட்டாகப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களும் தங்கள் குரலைப் பிடித்துக் கொடுக்கலாம். சோகப் பாட்டு கூடாது என்று சொல்லமாட்டேன்; அழ வேண்டியதை அழுதுவிடலாம். நடு ராத்திரியில் அதையே நாலு தடவை போட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கமும் மருந்துதான்.

காதில் மாட்டிக் கேட்பவர்கள் சத்தத்தைப் பாதிக்குச் சற்று மேலே போகாமல் வையுங்கள். முன்பு காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி சிலர் காதைக் கெடுத்தது. இன்று பெரும்பாலும் மாத்திரைதான். ஊசி போடுகிறவர்களுக்குக் காதில் இரைச்சல் கேட்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சார்ஜரை மறக்காதீர்கள். அண்ணன் மறந்துபோய், ஒரு பகல் முழுக்க அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.