சிபாரிசுக் கடிதம் இல்லாத காலம்

கிழக்கிலங்கையின் மருதமுனையில் எழுதத் தொடங்குகிற பொடியன் ஒரு காலத்தில் முதலில் தேடியது விஷயத்தை அல்ல, புனைபெயரை. ஊருக்கு 'மருதூர்' என்றொரு இலக்கியப் பெயர் இருந்தது. அதை முன்னால் போட்டுப் பின்னால் எதையாவது ஒட்டிவிட்டால் பாதி எழுத்தாளன் ஆகிவிட்ட மாதிரி. மருதூர்க்கொத்தன் கதை எழுதினார், மருதூர்க்கனி கவிதை எழுதினார். அவர்களுக்கும் முன்னால் புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன் இருந்தார். இந்தப் பெயர்கள் பத்திரிகையில் வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தங்களுக்கும் ஒரு மருதூரை எழுதிப் பார்த்துக்கொண்டார்கள். கவிதை மறுகா வரும்.

பெயர் அமைந்த பிறகு தொழில் பழக வேண்டும். புல்ஸ்கேப் தாளில் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுவது, இடப்புறம் ஓரம் விடுவது, திருப்பி அனுப்ப முத்திரை ஒட்டிய உறையை உள்ளே வைப்பது, பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது. இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. முன்னால் எழுதிய காக்கா ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். கொழும்புக்குப் போன கடிதத்துக்குப் பதில் வராது. வந்தால் பத்திரிகையில்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக் கடையில் தினகரனையும் சிந்தாமணியையும் யார் முதலில் பிரிப்பது என்பதில் ஒரு போட்டியே நடக்கும். தாளில் இடம் கிடைக்காதவர்களுக்கு இலங்கை வானொலி இருந்தது. முஸ்லிம் சேவைக்கு ஒரு பிரதி, 'இசையும் கதையும்' நிகழ்ச்சிக்கு ஒரு பிரதி என்று அனுப்பிவிட்டு, சாமான் வாங்கப் போன இடத்திலும் காது றேடியோவில் இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது தினபதி பத்திரிகை செய்த ஒரு காரியம். அதன் ஆசிரியர் எஸ்.டி. சிவநாயகம் 'தினம் ஒரு சிறுகதை' என்று ஒரு திட்டம் வைத்திருந்தார். நாளொன்றுக்கு ஒரு கதை வேண்டுமென்றால் மூத்தவர்களை மட்டும் நம்ப முடியாது, புதியவர்களைக் கொண்டுவந்தே ஆக வேண்டும். ஆனால் புதியவரின் கதை தனியாகப் போக முடியாது. பெயர்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் சிபாரிசு அதனோடு போக வேண்டும். கவிதைக்குக் 'கவிதா மண்டலம்' இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இந்தச் சிபாரிசு முறை சலுகைக் கடிதம் கேட்கிற வேலை போலத் தெரியும். நடந்தது வேறு. சிபாரிசு செய்கிறவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். ஆகவே கதையை வாசிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். வாசித்தால் சும்மா விடவும் மாட்டார். "முடிவு சரியில்லை, திருப்பி எழுதிக்கொண்டு வாங்க" என்பார். கதை பத்திரிகை ஆசிரியரின் மேசைக்குப் போவதற்கு முன்பே ஒரு தடவை உடைந்து ஒட்டப்பட்டுவிடும்.

கல்முனையும் பக்கத்திலேயே இருந்தது, பாண்டிருப்பைத் தாண்டினால் போதும். எம்.ஏ. நுஃமான் 1969இல் அங்கிருந்து 'கவிஞன்' இதழைக் கொண்டுவந்தார். வாசகர் சங்கம் என்ற பெயரில் ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் நூல்கள் கல்முனையிலிருந்து வெளிவந்தன. 1985இல் சோலைக்கிளியின் 'நானும் ஒரு பூனை' கவிதைத் தொகுதி வந்தபோது, பேச்சுத் தமிழையும் வீட்டு மிருகங்களையும் வைத்தே கவிதை செய்யலாம் என்று கரையோரப் பிள்ளைகளுக்கு ஒரு தைரியம் வந்தது. யாரிடம் போய்க் காட்டுவது என்ற கேள்விக்குச் சைக்கிள் தூரத்தில் பதில் இருந்தது.

ஆனால் சைக்கிள் யாருக்கு இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். பழைய காலத்தைப் புகழ்ந்து எழுதுகிற நம்மவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். ஒரு குமர்ப்பிள்ளை இலக்கியக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார முடியாது. மூத்த எழுத்தாளரின் வீட்டுத் திண்ணையில் கொப்பியோடு போய் நிற்க முடியாது. தபால்காரர் கொண்டுவருகிற உறையை முதலில் வாப்பாதான் பிரிப்பார். அப்படியும் எழுதினார்கள், வானொலிக்கு எழுதியவர்களில் பெண்கள் நிறையப் பேர். குரல் மட்டும் வெளியே போய் ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்க வேண்டும். சிபாரிசு முறை நல்ல ஆசான்தான். அந்த ஆசானின் வகுப்பறைக்குள் ஊரில் பாதிப் பேர் நுழையவே முடியவில்லை.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தது. இழந்த உயிர்களின் பக்கத்தில் வைத்துத் தாள்களைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்ல வேண்டும். கடற்கரையோர வீடுகளின் அலுமாரிகளில் இருந்த பத்திரிகை நறுக்குகள், ரோணியோவில் அடித்த சஞ்சிகைகள், அனுப்பாமல் வைத்திருந்த கொப்பிகள் எல்லாம் அந்த ஒரு காலையில் போய்விட்டன. அடுத்த மாதமே, 2005 ஜனவரியில், நூலகம் என்ற இணைய எண்ணிம நூலகம் தொடங்கப்பட்டது. ஈழத்துத் தமிழ் எழுத்துகளை ஸ்கேன் செய்து எவரும் வாசிக்க வைத்த முயற்சி அது. இந்த ஊரின் பழைய எழுத்தைத் தேடுகிறவன் இன்று முதலில் தட்டுவது அந்தக் கதவைத்தான்.

தமிழில் வலைப்பதிவு அதற்கு முன்பே, 2003இல் தொடங்கியிருந்தது. அந்த வருடம்தான் கூகுள் நிறுவனம் பிளாக்கரை வாங்கியது. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்க, சிதறிக் கிடந்த பதிவுகளெல்லாம் ஒரே முற்றத்தில் தெரிந்தன. எங்கள் பக்கத்துக்கு இந்தக் காற்று கொஞ்சம் பிந்தித்தான் வந்தது, நெட் கபே வழியாக. மணித்தியாலத்துக்குக் காசு. அங்கே புதிதாக எழுத வந்தவனுக்கு முதல் சோதனை தமிழே.

இலங்கையில் கணினியில் தமிழ் பழகியவர்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள். பாமினியில் 'மருதமுனை' என்று வர வேண்டுமென்றால் ஆங்கில விசைப்பலகையில் கே, பெரிய யூ, ஜே, பெரிய கே, ஐ, டி என்று தட்ட வேண்டும். ஐகாரக் கொம்பை முதலில் தட்டி னகரத்தைப் பிறகு தட்டுவது அதில் ஒரு வேடிக்கை. கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான் கைக்கும் வரிசை. கடைக் கணினியில் அழகாகத் தெரியும். அதை அப்படியே பதிவில் ஒட்டினால், பாமினி இல்லாத இன்னொருவரின் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. காரணம் எளிது: பாமினி ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை மாட்டி வைத்திருக்கிறது, யூனிகோடில்தான் தமிழ் எழுத்துக்கென்று சொந்த எண் உண்டு. ஆகவே பாமினியில் அடித்து, சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் போட்டு, யூனிகோடாக எடுத்து, பிளாக்கரில் ஒட்டி, பிறகு எங்கே 'ஸ்ரீ' உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் முன்னேறியவர்கள் எ-கலப்பையை இறக்கி, ஆங்கில ஒலியிலேயே தமிழை அடித்தார்கள்.

அடுத்த சோதனை வார்ப்புரு. பக்கத்தின் ஓரத்தில் கடிகாரம் வைக்கப் போய் முழுப்பக்கமும் சரிந்துவிடும். எந்த வரியை அழித்தோம் என்று தெரியாது. கத்தாரில் வேலை செய்கிற ஊர்ப் பொடியனோ, முகம் தெரியாத தமிழ்நாட்டுப் பதிவரோ வந்து, இந்த இடத்தில் ஓர் அடைப்புக்குறி குறைகிறது என்று சொல்லித் தருவார்கள். பெரிய மனதோடு செய்த உதவி அது. கவனித்தால் ஒன்று புரியும். பழைய மூத்தவர் கதையின் முடிவைத் திருத்தினார். புதிய மூத்தவர் பக்கத்தின் நிரலைத் திருத்தினார். கதையைப் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் "அருமை" என்ற ஒற்றைச் சொல். எழுத்தைப் பழகவேண்டிய வயதில் நம் பிள்ளைகள் நன்றாகப் பழகியது எழுத்துருவை.

பிறகு அதுவும் தேவையில்லாமல் போயிற்று. பேஸ்புக் வந்தது, திறன்பேசி வந்தது. முத்து நெடுமாறனின் செல்லினம் போன்ற செயலிகள் தமிழ் விசைப்பலகையைக் கைக்குள் கொண்டுவந்தன. 2017இல் கூகுள் தமிழைக் காதால் கேட்டு எழுதவும் தொடங்கியது. நம் பேச்சில் "மறுகா வாறன்" என்று சொன்னால் அது என்ன எழுதும் என்பது அன்றைய அதன் மனநிலையைப் பொறுத்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். வலைப்பதிவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்ட வீடுகளாயின. சிலவற்றின் கடவுச்சொல் எழுதியவருக்கே மறந்துவிட்டது. யாஹூவின் ஜியோசிட்டிஸ் 2009இல் மூடப்பட்டபோது அதிலிருந்த ஆரம்பகாலத் தமிழ்ப் பக்கங்களும் அதோடு போயின. கடல் வந்துதான் எழுத்து போக வேண்டும் என்றில்லை.

இன்று எங்கள் வீதியில் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை கவிதை எழுதுகிறாள். படம் போடாத கணக்கு. புனைபெயரில் மருதூர் இல்லை, ஊரே தெரியாது. உம்மாவுக்குத் தெரியும், வாப்பாவுக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார். சிபாரிசு கேட்க அவள் எவர் வாசலுக்கும் போகவில்லை. ஆனால் பதிவிடுவதற்கு முன் ஒவ்வொரு கவிதையையும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். எவரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர் தட்டச்சுச் செய்ய மாட்டார். குரல் பதிவாகத்தான் பதில் வரும், பின்னணியில் கோழியும் கூவும். போன மாதம் அனுப்பியதற்கு, "மனே, கவிதை நல்லா இரிக்கி. கடைசி நாலு வரியும் வேணாம், அதில நீங்க கவிதைக்கு விளக்கம் சொல்றீங்க. வெட்டிருங்க" என்றாராம்.

அவள் வெட்டவில்லை. அப்படியே போட்டுவிட்டாள். பேஸ்புக்கில் பலர் எடுத்துப் பகிர்ந்ததும் அந்த நாலு வரியைத்தான்.