ஆற்றங்கரையும் நிகழ்தகவும்

நிகழ்தகவு என்றதும் நாணயமும் பகடையுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1654ஆம் ஆண்டில் பாஸ்கல், பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், சூதாட்டத்தில் எழுந்த ஐயமொன்றைக் குறித்து எழுதிக்கொண்ட மடல்களில் இக்கணிதம் வேரூன்றியமையே அதற்குக் காரணம். எனினும், பகடையைத் தொடாமலே இதனைக் கற்க இயலும். அதற்கு நம் பொருநையாறே போதும்.

1992 நவம்பரில் தாமிரபரணி கரைபுரண்டதை நம் பெரியவர்கள் மறந்திலர். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, ஆறு மீண்டும் ஊர்களுக்குள் புகுந்தது.

மிக அரிய வெள்ளத்தை ‘நூறாண்டு வெள்ளம்’ எனப் பொறியாளர்கள் குறிப்பதுண்டு. ‘ஒருமுறை வந்துவிட்டது, இனி நூறாண்டுக்கு அச்சமில்லை’ என்று அதற்குப் பொருள் கொள்வது பிழை. எந்த ஓர் ஆண்டிலும் அத்தகைய வெள்ளம் வருவதற்கான நிகழ்தகவு 1/100 என்பதே அதன் பொருள். சென்ற ஆண்டு வந்ததா என்பதை இவ்வாண்டின் மழை கேட்பதில்லை.

அவ்வெள்ளம் எட்டும் இடத்தில் ஒருவர் வீடு கட்டி 30 ஆண்டுகள் வாழ்கிறார் எனக் கொள்வோம். ஒருமுறையேனும் வெள்ளம் புகுவதற்கான நிகழ்தகவு யாது?

மாணவர் பலர் 1/100ஐ 30ஆல் பெருக்கி 0.30 என்பர். அம்முறையில் 200 ஆண்டுகளுக்கு விடை 2 ஆகிவிடும். நிகழ்தகவோ 1ஐ விஞ்சலாகாது. ‘ஒருமுறையேனும்’ என்னும் சொல் வினாவில் வருமாயின், ‘ஒருமுறையும் இல்லை’ என்பதை முதலில் கணக்கிடுதலே நேரிய வழி. ஓர் ஆண்டில் வெள்ளம் வாராமைக்கான நிகழ்தகவு 0.99. ஆண்டுகள் சாரா நிகழ்ச்சிகள் எனக் கொண்டு, முப்பது 0.99களை ஒன்றோடொன்று பெருக்கினால் ஏறத்தாழ 0.74 கிடைக்கும். அதனை 1இலிருந்து கழிக்க, விடை 0.26. அஃதாவது, நான்கில் ஒரு பங்கிற்கும் சற்று மிகுதி. இவ்வாறே 100 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 0.63 வரும். எனவே, நூறாண்டிற்குள் வெள்ளம் வந்தே தீரும் என்பதும் பிழையே.

அந்த 1/100 எங்கிருந்து கிடைக்கிறது? பல்லாண்டு நீர்மட்டப் பதிவுகளிலிருந்து புள்ளியியல் அதனைப் பெறுகிறது. மழையின் இயல்பு மாறினால் அவ்வெண்ணும் மாறும். ஆகவே, வெள்ளம் எத்தெரு வரை வந்தது என்னும் பெரியவர்களின் நினைவை மாணவர்கள் ஆண்டுடன் எழுதிவைத்தல் வேண்டும்.

இறைவன்மீது பொறுப்பைச் சாட்டுமுன் நம்மால் இயன்றதைச் செய்துமுடித்தல் நம் நெறி. வீட்டிற்கு அடிக்கல் நாட்டுமுன் கணக்கிடுதலும் அவ்வியன்றவற்றுள் ஒன்றாகும்.