உங்களுக்குத் தெரியுமா? சங்கராபரணியின் தாய்வீட்டில் ஒரு மலையேற்றம்

வில்லியனூரின் ஓரமாய்த் தவழ்ந்து வங்கக் கடலில் சங்கமமாகும் சங்கராபரணி நதிக்குச் செஞ்சியாறு என்ற நாமமும் வாய்த்திருப்பது, அது செஞ்சி மலைப் பிரதேசத்தில் உற்பத்தியாவதனாலேதான் என்பதை, அதன் நீரில் தினந்தோறும் கால் நனைப்போரிலும் பலர் அறியார்.

அந்தச் செஞ்சி மலையில் ஏறுவதும் ஒரு சாகசமே. நார்வே தேசத்தில், மலைகளினூடே கடல் புகுந்து நீண்டு கிடக்கும் லீசே ஃபியோர்டின்மேல் 604 மீட்டர் உயரத்தில் செங்குத்தாய் நிற்கும் பிரெய்கெஸ்டோலன் பாறையைத் தேடி உலகெங்குமிருந்து யாத்திரிகர் செல்கின்றனர். அத்தகைய சாகசத்தில் நாட்டமுள்ள நம் கிராமத்து இளைஞர்க்கு, 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்ததும், 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இடம்பெற்றதுமான செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்று, சுமார் 800 அடி உயர்ந்து அருகிலேயே நிற்கின்றது. சிகரத்தை நெருங்கும் தறுவாயில் பாறை இரண்டாய்ப் பிளந்து ஆழ்ந்து கிடக்க, பாலமொன்றின் வழியே அதைக் கடக்கும் கணம், ஏறிவந்த சிரமம் அனைத்தையும் மறக்கச் செய்வதாகும்.

அனுமதி நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். போதிய குடிநீரும், வழுக்காத காலணியும் அவசியம். தின்பண்டங்களைக் குரங்குகளின் கண்ணில் காட்டாதீர்கள். சித்திரை வெயிலைத் தவிர்த்து, தை மாதத்து விடியற்காலையில் புறப்படுங்கள்.