வீட்டு வாசல் கத்தாரில் தெரிவது எப்படி?

குரும்பலூரில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு. மகனுக்குக் கத்தாரில் வேலை. வீட்டில் தாயார் மட்டும் இருக்கிறார். கொல்லையில் விதை வெங்காயம் சேர்த்து வைத்த பட்டறை. விலை ஏறும் நாட்களில் பட்டறைக்குக் காவல் வேண்டும் என்பதைப் பெரம்பலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 கோடையில் அந்த வீட்டில் இரண்டு கேமராக்களைப் பொருத்தினார்கள். ஒன்று பட்டறையைப் பார்த்தது. மற்றொன்று திண்ணையைப் பார்த்தது. படங்களைப் பதிவு செய்ய டி.வி.ஆர். பெட்டி ஒன்று.

ஒரு வாரம் கழித்து மகன் தொலைபேசியில் அழைத்தான். என்னிடம் படித்தவன்தான். "சார், வீட்டு வை-ஃபையில பார்த்தா படம் தெரியுதாம். எனக்கு மட்டும் இங்க தெரியமாட்டேங்குது. நீங்கதான் ஒரு நடை போய்ப் பார்க்கணும்."

படம் பெரிது, வழி சிறிது. அதனால்தான் தெரியவில்லையோ என்று முதலில் எண்ணினேன். நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். கேமராவின் ஒரு படத்தில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள். விநாடிக்கு 25 படங்கள். பெருக்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட்டுகள்! நம் வீட்டு இணைப்பு இதைத் தாங்காது. ஆனால் பெட்டி அப்படியே அனுப்புவதில்லை. சுவர் அசைவதில்லை, தூணும் அசைவதில்லை. முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்பினால் போதும் அல்லவா? எச்.264 போன்ற சுருக்கும் முறைகள் பெரும்பாலும் இந்த உத்தியால்தான் 124 கோடியை 40 லட்சம் பிட்டுகள் அளவுக்குக் குறைத்துவிடுகின்றன. கைப்பேசிக்கென்று 352 × 288 புள்ளிகள் கொண்ட சிறிய படத்தையும் பெட்டி தனியே அனுப்ப வல்லது. ஆகவே வழியின் அகலம் குற்றவாளி அன்று.

பின் எது? முகவரி!

இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். பழைய முறையில் இது 32 பிட்டுகள் கொண்டது. 2-ஐ 32 முறை பெருக்கினால் 429 கோடியே சொச்சம். உலக மக்களோ 800 கோடிக்கு மேல். ஒருவரிடமே இரண்டு மூன்று கருவிகள். முகவரி போதாமல் போனதில் வியப்பில்லை. ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரே பொது முகவரி, வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்று தொடங்கும் உள் முகவரி என ஏற்பாடு செய்தார்கள்.

கல்லூரி விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். "அறை எண் 12" என்று மட்டும் எழுதிய கடிதம் எங்கே போய்ச் சேரும்? ஊருக்கு ஊர் விடுதி, விடுதிக்கு விடுதி 12-ஆம் அறை. ஆனால் 12-ஆம் அறை மாணவன் வெளியே கடிதம் எழுதினால், காப்பாளர் அதைக் குறிப்பேட்டில் பதிந்து அனுப்புவார். பதில் வந்ததும் சரியான அறையில் சேர்ப்பார். நம் வீட்டு ரூட்டர்தான் இந்தக் காப்பாளர். உள்ளிருந்து கேட்டதற்குப் பதில் வரலாம்; வெளியிலிருந்து தானாக வரும் அழைப்பை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. மகனின் அழைப்பு வாசலிலேயே நின்றுபோனதன் காரணம் இதுவே.

உலகில் பெரும்புகழ் பெற்ற முதல் கேமராவுக்கும் இதே இரண்டு படிகள் இருந்தன. 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காபிக் கூஜாவில் காபி இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேமரா வைத்தார்கள். படம் 128 × 128 புள்ளிகள்தாம். அதுவும் கறுப்பு வெள்ளை. முதலில் அது ஆய்வகத்து வலையமைப்பில் மட்டும் தெரிந்தது. 1993 நவம்பரில் வலைத்தளத்தில் ஏற்றியபின் உலகமே அந்தக் கூஜாவைப் பார்த்தது. 2001 ஆகஸ்டில்தான் கேமராவை நிறுத்தினார்கள். காபிக் கூஜாவை யார் பார்த்தால் என்ன? திண்ணை அப்படியன்று. இது எனக்கு உறைத்தது சற்றுப் பிந்தித்தான்.

ரூட்டரில் ஒரு வாயிலைத் திறந்து, "இந்த எண்ணுக்கு வரும் அழைப்பையெல்லாம் டி.வி.ஆருக்கு அனுப்பு" என்று கட்டளையிடலாம். இதற்குப் போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். செய்தேன். அப்போதும் படம் வரவில்லை! இணைப்பு தரும் நிறுவனமும் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத்தான் வைத்திருந்தது. விடுதிக்குள் இன்னொரு விடுதி. இதை நீங்களே கண்டறியலாம். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் வெளி முகவரியும், முகவரி காட்டும் வலைத்தளம் சொல்லும் எண்ணும் வேறு வேறாக இருந்தால் உங்கள் வீடும் அப்படித்தான். ரூட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் ஐயமே வேண்டாம். புதிய 128 பிட் முகவரி முறையில் இந்தப் பஞ்சம் இல்லை. ஆனால் அந்தப் பழைய பெட்டிக்கு அது தெரியாது.

கூடுதல் பணம் கட்டித் தனி முகவரி வாங்கினோம். கத்தாரில் படம் பளிச்சென்று தெரிந்தது. மகனுக்கு மகிழ்ச்சி, எனக்குப் பெருமை.

நான்காம் நாள் டி.வி.ஆரின் நுழைவுக் குறிப்பைத் தற்செயலாகப் புரட்டினேன். நாங்கள் அறியாத முகவரிகளிலிருந்து வரிசையாக நுழைவு முயற்சிகள். பெரும்பாலானவை தோல்வி. ஒன்று மட்டும், பின்னிரவு இரண்டேகால் மணிக்கு, வெற்றி. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லைப் பொருத்தியவர் மாற்றவில்லை. வாயிலைத் திறந்த நானும் மாற்றவில்லை. அடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அது மனிதரா, தானே இயங்கும் நிரலா என்பது குறிப்பிலிருந்து தெரியாது. நிரலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது. இணையத்தில் முகவரி முகவரியாகத் தட்டிப் பார்க்கும். ஆலையிலிருந்து வந்த பெயர்களையும் கடவுச்சொற்களையும் கொண்ட சிறு பட்டியலை ஒவ்வொன்றாக முயலும். திறந்தால் உள்ளே குடியேறும். அகப்பட்டவற்றுள் ஏராளமானவை கேமராக்களும் பதிவுப்பெட்டிகளுமே. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் முடங்கின. மிராயை உருவாக்கியவர்கள் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள். 2017-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் முதல், விற்பனைக்கு வரும் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே சுவரில் மாட்டியவற்றை நாம்தான் கவனிக்க வேண்டும்.

அன்று மாலையே தாயாரிடம் விஷயத்தைச் சொன்னேன். கோடையில் அவர் படுப்பது அந்தத் திண்ணையில்தான். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, என்னை யாராவது பார்த்தா எனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

முதல் வேலையாக வாயிலை மூடினேன். தனி முகவரிக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, நீண்ட கடவுச்சொல் வைத்தேன். மகனுக்குப் படம் பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிப் பெயர் கொடுத்தேன். அமைப்பை மாற்றும் உரிமை அதில் இல்லை. பிறகு மூன்றாவது வழி. இம்முறை டி.வி.ஆர். தானே வெளியே கடிதம் எழுதும். அதாவது, தயாரிப்பாளரின் கணினிக்கு உள்ளிருந்து ஓர் இணைப்பைத் திறந்து, அதை மூடாமல் வைத்திருக்கும். கைப்பேசியும் அதே கணினியை நாடும். அது இருவரையும் சேர்த்து வைக்கும். ரூட்டரில் நிரந்தரத் திறப்பு தேவையில்லை; தனி முகவரியும் தேவையில்லை. இதிலும் குறை உண்டு: நடுவில் நிற்கும் அந்தக் கணினியை நம்பியாக வேண்டும். நம்ப விருப்பமில்லாதவர்கள் வி.பி.என். என்ற மறையாக்கத் தனிவழி அமைத்துக்கொள்ளலாம். அதுவே மேல் என்பது என் எண்ணம். ஆனால் அதைப் பழுது பார்க்க ஆள் வேண்டும்.

திண்ணைக் கேமராவைத் தெருக்கதவின் பக்கம் திருப்பினோம். வருகிறவர் தெரிவார், படுத்திருப்பவர் தெரியமாட்டார். மகன் முதலில் தயங்கினான், பிறகு ஒப்புக்கொண்டான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு அவன் பதறிப்போய் அழைத்தான்: "சார், இரண்டு கேமராவும் போச்சு!" குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். தாயார் சிம்னி விளக்கின் முன் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "கரண்டு போய் ஒரு மணி நேரமாச்சு தம்பி. எனக்கு ஒரு போன் போட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார். மறுநாள் பெரம்பலூர் போய், ரூட்டருக்கும் டி.வி.ஆருக்கும் மின்கலம் வைத்த சிறு யு.பி.எஸ். ஒன்று வாங்கி வந்தேன்.